குண்டானை எடுக்காதீங்க

எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. கூடத்துக் கடிகாரம் ஐந்து நிமிடம். என் கணவரின் கைக்கடிகாரம் எவ்வளவு முன்னால் என்று அவருக்கே தெரியாது. தாம்பரம் ஸ்டேஷனில் தினமும் ரயில் பிடிக்கிறவன் வீட்டில் கடிகாரம் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. பத்து நிமிடம் முன்னால் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனதுக்குள் கழித்துக்கொள்ளத்தானே போகிறோம், பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எல்லோரும் கழித்துக்கொண்டே ஓடுகிறார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் பேச்சு. வராமல் என்ன செய்யும்? என் பிழைப்பே கடிகாரங்களை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வைப்பதுதான்.

நானும் ஒரு பாயும் சேர்ந்து திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வைத்திருக்கிறோம். காலேஜில் ஒரே வகுப்பு. அன்றிலிருந்து அவர் என்னை மேடம் என்று கிண்டலாகக் கூப்பிடுவார், நான் அவரைப் பாய் என்பேன். பூமி அதிர்வதைப் பதிவு செய்யும் பெட்டிகளைச் செய்கிறோம். டிபன் கேரியரை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. நில நடுக்கத்துக்கு மட்டும்தான் அது பயன்படும் என்று நினைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட மண்ணுக்கு அடியில் ஒரு அதிர்வு கிளம்பிப் போகும். கெட்டி மண்ணில் வேகமாகப் போகும், இளகின மண்ணில் மெதுவாகப் போகும். ஒரு தெருவில் நாலைந்து வீடுகளில் பெட்டி வைத்து, அந்த அதிர்வு எந்த வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், தோண்டாமலேயே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லலாம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. எல்லாப் பெட்டிக்குள்ளும் இருக்கும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கண் இமைக்கிற நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் கெட்டி மண் சேறாகிவிடும், சேறு பாறையாகிவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு வயர் மொட்டை மாடிக்குப் போகும். அங்கே மெதுவடை அளவில் கறுப்பாக ஒரு ஏரியல். அது செயற்கைக்கோள்களிடமிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஏரியலுக்கு வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய ஒரு தெருவில் அப்படிப் பெட்டி வைக்கும் வேலை வந்தது. வீடு வீடாகப் போய் இடம் கேட்டேன். ஒரு வீட்டில் கரன்ட்டு பில் ஏறுமா என்றார்கள். இன்னொரு வீட்டில் வரி போடத்தான் அளக்க வந்திருக்கிறேன் என்று முடிவே செய்துவிட்டார்கள். தெருக்கோடியில் ஒரு ஒற்றைத் தள வீடு. கேட்டைத் திறந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். அந்த ஊரின் பழைய குடும்பம், ஒரு காலத்தில் நெல் போட்டவர்கள். இப்போது அந்த மனையும் வீடும் மட்டும் மிச்சம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"என் வூட்டுக்கு அடில இன்னா கீதுன்னு உன் பொட்டி சொல்லுமா?"

"சொல்லும் அக்கா."

"அப்ப வெச்சிக்கோ. ஆனா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்."

காரணம் பிறகு தெரிந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டில் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்துவிட்டது. இந்தத் தெரு மொத்தமும் ஏரி மண், எந்த வீடும் நிற்காது என்று பேச்சு கிளம்பிவிட்டது. அக்காவின் மகன் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட்டு வேலை பார்க்கிறார். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. இடம் போதவில்லை. வீட்டை விற்றுவிட்டு தொழிற்சாலைப் பக்கமே ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். மேலே மாடி கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கலாம் என்கிறார் அக்கா. "ஏரி மண்ணு மேல மாடி கட்டச் சொல்றியாம்மா?" என்று மகன் கேட்பார்.

"வூட்டுக்காரரு கட்டனாரு, நான் தண்ணி ஊத்துனேன்" என்றார் என்னிடம், சுவரைத் தட்டிக் காட்டி. "காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. இந்தச் செவுருல ஊத்துன தண்ணிய கொளத்துல ஊத்திருந்தா ரொம்பிருக்கும். இத்தப் போய் விக்கணும்றான்."

மகனையும் பார்த்தேன். கெட்ட பிள்ளை இல்லை. "ரிப்போர்ட் குடுங்க மேடம். மண்ணு நல்லா இருக்குன்னா மாடி கட்டறேன். இல்லன்னா அம்மா என்ன அழுதாலும் வித்துடுவேன். நாளைக்கு செவுரு விரிஞ்சா குழந்தைய வெச்சிகினு நான் எங்க போறது?" என்றார். சரியான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாடிப்படிக்கு அடியில், மோட்டார் சுவிட்சுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் பெட்டியை வைத்தோம். பெட்டி அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து அக்கா அதற்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார். பேரனை அந்தப் பக்கம் ஓடவிடுவதில்லை. "பொட்டி தூங்குது" என்று அவனை அதட்டுவார். நான் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி, பெட்டிக்கு ஒரு கேள்வி. "நாஸ்தா துன்னியா? அதுக்கு உள்ள சூடாவுதா?" இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்பார். எனக்கு அந்த வீட்டுக்குப் போக ரொம்பப் பிடிக்கும். மற்ற வீடுகளில் பெட்டியைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடுவேன், அங்கே மட்டும் டீ குடிக்காமல் வந்ததில்லை.

நாலைந்து வாரம் ஓடிற்று. பெட்டிகளைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய வாரம் வந்தது. நடுவில் மழை, ஷெட்டில் வேலை என்று கொஞ்ச நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அன்று மத்தியானம் போய் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் சின்னத் திரையில் இருந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பெட்டிகள் இந்திய நேரத்தைக் காட்டாது. உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு நேரம் உண்டு, நமக்கு ஐந்தரை மணி பின்னால், அதைத்தான் காட்டும். இந்தப் பெட்டியோ நம்மூர் நேரத்தைக் காட்டியது. அதுவும் சரியாக இல்லை. பத்து நிமிடம் முன்னால்.

"அக்கா, இதை யாராவது தொட்டீங்களா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகம் முழுக்கப் பெருமை. "நான்தான் சரி பண்ணேன்."

"என்ன பண்ணீங்க?"

"செவப்பு லைட்டு எரிஞ்சிகினே இருந்துச்சு. இன்னாடா வந்துச்சு இதுக்குன்னு பாத்தா, மணி தப்பா கீது. மத்தியானம் சோறு துன்ற நேரத்துல காலைல ஏழுன்னு காட்டுது. பாவம், அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். ரெண்டு பட்டன் இருந்துச்சு, அமுக்கி அமுக்கி வெச்சிட்டேன்."

அந்த இரண்டு பட்டன்களைப் பற்றி எனக்கும் பாய்க்கும் பழைய சண்டை ஒன்று உண்டு. வேண்டாம் என்றேன், ஷெட்டில் சோதிக்க வசதி என்றார் அவர். நியாயமாக அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும்.

"சரி, அந்தப் பத்து நிமிஷம் எதுக்கு அக்கா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க வூட்ல எல்லா கடியாரமும் பத்து நிமிஷம் பாஸ்ட்டு. புள்ளைக்குக் கம்பெனி பஸ் பெருங்களத்தூர்ல நிக்காதும்மா, வந்துகினே போய்டும். உன் பொட்டி மட்டும் லேட்டாவணுமா?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம். மாடியில் ஏரியல் வேலை செய்தால் யார் பட்டனை அமுக்கினாலும் பெட்டி மறுநொடியே தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்திக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கு வேறு.

"மேல அந்த ஏரியல் நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் கீது. மழைல நனைஞ்சிகினு கெடந்துச்சு, காக்கா வேற கொத்திச்சு. பழைய அலுமினியக் குண்டான் ஒண்ணு கெடந்தது, அத்தக் கவுத்துட்டேன்."

அலுமினியக் குண்டானுக்கு அடியில் இருக்கும் ஏரியலுக்கு எந்த வானம் தெரியும்? குண்டானைக் கவிழ்த்ததால் சிவப்பு விளக்கு. சிவப்பு விளக்கைப் பார்த்ததால் பட்டன். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது, அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "குண்டானாலதான் பேஜாரா? இரு, எடுத்துடறேன்" என்று விறுவிறுவென்று படியேறினார்.

அவர் பாதிப் படி ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. குண்டானை எடுத்தால் ஏரியலுக்கு வானம் தெரியும். தெரிந்த சில நிமிடத்தில் பெட்டி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். இத்தனை நாளும் எவ்வளவு தப்பாக இருந்தேன் என்பதைச் சொல்லவே சொல்லாது. அதை எங்காவது பதிந்துவைக்கும்படி நாங்கள் அந்தப் பெட்டியைச் செய்யவில்லை. தப்பு எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் குண்டான் கவிழ்ந்த பிறகு இந்த வீட்டில் பதிந்தது எல்லாம் குப்பை, அதற்கு முந்தைய பதிவு மட்டும் கணக்குக்குப் போதாது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும், இந்த ஒரு வீட்டைத் தவிர.

"குண்டானை எடுக்காதீங்க!" என்று கத்தினேன். படியில் ஓடினேன். "கையை எடுங்க அக்கா! தொடாதீங்க!"

பக்கத்து மொட்டை மாடியில் துணி காயப்போட்ட பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா குண்டானின் விளிம்பில் கை வைத்தபடி நின்றுவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த ரகம் இல்லை.

"இன்னாத்துக்குமா இப்டி கத்துற? என் வூடு, என் மாடி, என் குண்டான். உன் பொட்டிய என் பேரனாட்டம் பாத்துகினு கீறேன். எடுக்காதன்னு சொன்னா எடுக்காம இருக்கப்போறேன். ஊரக் கூட்டணுமா?"

எனக்குத் திருப்பிக் கத்தத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப என் வூட்டுக்கு மட்டும் ரிப்போர்ட்டு வராதா?"

"வரும் அக்கா. குண்டான் இப்படியே இருந்தா வரும்."

பாய்க்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொல்லி அதற்கும் சிரித்தார். "மேடம், நம்ம பொட்டிக்கு இவ்ளோ பாசமா எவனும் மழைக்குக் குண்டான் கவுத்ததில்ல. நான் வரேன், நீங்க அந்த அக்காவைத் திட்டாதீங்க" என்றார். ஷெட்டில் எங்கள் சொத்து என்று ஒரு கடிகாரம் உண்டு. கையில் தூக்கிப்போகலாம், எந்தப் பெட்டியோடும் இணைத்து எவ்வளவு பிசகு என்று பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு பைபாஸ் வழியாக வருவதாகச் சொன்னார்.

அவர் வரும்வரை அக்கா கீழே இறங்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு குண்டான் பக்கத்தில் குந்தி, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். காற்று அடித்தால் அழுத்துவார். கீழே வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ கோவக்காரி, எதுனா ஒண்ணு பண்ணிடுவ" என்றார். இருவருமே சிரித்துவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரிந்தது. அதன் ஒரு மூலையைக் காட்டி, அந்தப் பக்கம்தான் எங்க நெலம் இருந்துச்சு, அது போனப்ப எனக்கு ஒண்ணுமே தோணல, இந்த வூடு போவும்னா மட்டும் தாங்கல என்றார். நானும் குண்டான் மேல் ஒரு கை வைத்தேன்.

பாய் வந்தார். அக்காவுக்கு ஒரு சலாம், குண்டானுக்கு ஒரு சலாம். கொண்டுவந்த கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் மாடியில் வானம் பார்க்க வைத்து, பிறகு கீழே கொண்டுபோய்ப் பெட்டியோடு இணைத்தார். வந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அது மட்டும் போதாது. மொத்தப் பிசகில் அக்கா பட்டனை அமுக்கியது எவ்வளவு, குண்டானுக்கு அடியில் இருந்தபோது கடிகாரம் தானாக வழுவியது எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். அதற்கு மறுநாளும் இதே நேரத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும். சிவப்பு விளக்கு எப்போது எரியத் தொடங்கியது என்பது பெட்டியிலேயே பதிவாகியிருக்கும்; ஒரு நாளில் எவ்வளவு வழுவுகிறது என்று தெரிந்தால் எல்லா நாளுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். அதுவரை குண்டான் அசையக்கூடாது. மேகம் வேறு கருத்துக்கொண்டு வந்தது.

"போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

மறுநாள் போனபோது மாடியில் ஒரு கோட்டையே கட்டியிருந்தார். குண்டானின் மேல் அம்மிக்குழவி. சுற்றிலும் செங்கல். பழைய புடவை ஒன்றால் எல்லாவற்றையும் சேர்த்து கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்தார். பக்கத்து மாடிப் பெண்ணைக்கூடக் காவல் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனாராம். பாய் அளந்துகொண்டிருந்தபோது அக்கா என் காதருகில் வந்து சொன்னார்.

"காலைல பஸ்ஸுக்கு ஓடறதுக்கு முன்னாடி அவனும் மேல போய்ப் பாத்துட்டு வந்தான். இன்னாடான்னா, துணி எடுக்கப் போனேன்றான். வெறுங்கையோட எறங்கி வந்தான்."

அதுவரை அந்த மகன் விற்கத்தான் ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளந்து முடித்ததும் இப்போது எடுக்கலாம் என்றேன். அக்காவே முடிச்சை அவிழ்த்து, குழவியை இறக்கி, குண்டானை இரண்டு கையாலும் தூக்கினார். எல்லோரும் கீழே இறங்கிப் பெட்டியைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்தது. திரையில் நேரம் சட்டென்று ஐந்து மணி நாற்பது நிமிடம் பின்னால் குதித்தது.

"ஐயையோ, மறுபடியும் தப்பா காட்டுதே!" என்றார் அக்கா. பாய் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஷெட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டோம். வழுவியதைக் கழித்தபோது அக்கா கொடுத்தது எவ்வளவு என்று தனியாக வந்தது. ஐந்தரை மணி, அதற்கு மேல் பத்து நிமிடம், கூடச் சில நொடிகள். அதையும் கழித்துவிட்டு அவர் வீட்டில் பதிந்த அதிர்வுக் கோட்டினை மற்ற வீடுகளின் கோடுகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வைத்தார் பாய். பெருங்களத்தூரைத் தாண்டிப் போன ஏதோ ஒரு ரயில். ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டு போன அதன் அதிர்வு, தெருக்கோடி வீட்டிலும் வர வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து நின்றது.

ஏரி மண் உண்மைதான். விரிந்த வீட்டுக்கு அடியில் ஆழமாக இருந்தது. அங்கிருந்து குறைந்துகொண்டே வந்து, அக்காவின் வீட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்கு அடியில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை.

சொன்னபடி அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். மகனும் அன்று வீட்டில் இருந்தார். என் பேச்சை மட்டும் நம்பி மாடி கட்ட வேண்டாம், முறையாக மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு, "பக்கத்து வீட்டுப் பொட்டிகள வெச்சே இத சொல்லிருக்க முடியுமா மேடம்?" என்றார். முடியாது, அவற்றை மட்டும் பார்த்திருந்தால் இங்கேயும் ஏரி மண்தான் என்று சொல்லியிருப்போம் என்றேன். மகன் அம்மாவைப் பார்த்தார். அம்மா குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. ஆனால் அழுதுகொண்டிருந்தார்.

துளை போட்டுப் பார்த்தவர்களும் பாறை என்றார்கள். மாடி எழும்பியது. சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பால் காய்ச்சுகிற அன்று என்னையும் பாயையும் வரச் சொன்னார்கள். பாய் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்திருந்தார். அவரும் மனிதர்தானே, வீட்டுக்குப் பால் காய்ச்சினால் வேறென்ன வாங்குவார்?

மகன் ஆணி அடித்துவிட்டு ஸ்டூலிலேயே நின்றார். அக்கா கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். "நீயே மணி வெச்சிக் குடு. நீ வெச்சாத்தான் கரெக்ட்டு."

போனைப் பார்த்து நொடி பிசகாமல் வைத்தேன். மகனிடம் நீட்டப்போனேன். கீழ்க்கூடத்துக் கடிகாரம் படி வழியாகத் தெரிந்தது. அதை நம்பி ஒரு பிள்ளை தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிறது, இனி இந்த மாடியிலிருந்து ஓடப்போகிறது. கடிகாரத்தைத் திருப்பி, பின்னாலிருந்த சின்னத் திருகைப் பிடித்து, முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன். பாய் புருவத்தைத் தூக்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"இன்னாமா, கரெக்டா வெச்சியா?" என்றார் அக்கா.

"கீழ இருக்கிறதோட சரியா வெச்சிருக்கேன் அக்கா" என்றேன். "நொடி பிசகாது."